அழியாததை வீணாக்குவது எப்படி?

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்ற மட்டுமே இயலும் என்று நடுநிலைப் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அதே பள்ளியின் சுவரில், ஆற்றலைச் சேமிப்பீர், மின்சாரத்தை வீணாக்காதீர் என்னும் அறிவுரையும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்த சுட்டிப் பிள்ளையொருவன் எழுந்து நின்று, "ஐயா, அழியவே அழியாத ஒன்றை எப்படி வீணாக்க முடியும்? அதை எதற்காகச் சேமிக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டால் ஆசிரியர் என்ன விடை பகர்வார்?

பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அமர்த்திவிடுவது ஒரு வழி. மின்கட்டணத்தை உன் வாப்பாவா கட்டுகிறார், நீயா கட்டுகிறாய் என்று நகைப்பது இன்னொரு வழி. சற்றுப் பொறுப்புள்ளவர், நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்துவிடுமே என்பார். இது மற்ற இரண்டையும்விட மேலானது. ஆயினும் பிள்ளை விடமாட்டான். நிலக்கரியில் இருந்த ஆற்றல் எங்கே போயிற்று? அழியவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இங்கேயேதான் இருக்கிறதென்றால் அதையே மறுபடியும் ஏன் பயன்படுத்தக் கூடாது?

இது இயற்பியல் ஐயம் மட்டுமன்று. ஒன்றை உண்மையென்று கற்பித்துவிட்டு, அதற்கு முரணான வேறொன்றைக் கடமையென்று கற்பிக்கும்போது, பிள்ளை இரண்டில் ஒன்றை வெறுஞ்சொல் என்று ஒதுக்கிவிடுகிறான். ஒதுக்கப்படுவது பெரும்பாலும் கடமையே. அறிவியல் மதிப்பெண் தருகிறது, அறிவுரை தருவதில்லை அன்றோ!

குழப்பத்திற்குச் சொல்லும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் அந்த விதிக்கும் சரி, சிக்கனத்திற்கும் சரி, கன்சர்வேஷன் என்னும் ஒரே சொல்தான். தமிழ் நமக்கு இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது: விதிக்கு அழிவின்மை, செயலுக்குச் சிக்கனம். இலங்கைப் பாடநூல்கள் ஆற்றல் என்பதைச் சக்தி என்று வழங்கினாலும் இந்த வசதி அங்கும் உண்டு. ஆயினும் நம் வகுப்பறைகள் இவ்வசதியைப் பயன்படுத்திக் கொள்வதாகத் தெரியவில்லை. அழிவின்மையைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. சிக்கனத்தைப் பற்றி ஒரு சுவரொட்டி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் மட்டும் இல்லை.

போதாக்குறைக்கு, ஆற்றல் என்பது வேலை செய்யும் திறமை என்றொரு வரையறையும் இருக்கிறது. நம் அறையிலுள்ள காற்று முழுவதும் வெப்ப ஆற்றலால் நிறைந்திருக்கிறது. ஆனால் சுற்றுப்புறமும் அதே வெப்பநிலையில் இருப்பதால், அந்தக் காற்றின் வெப்பத்தைக் கொண்டு ஒரு விசிறியின் இதழைக்கூடச் சுழற்ற முடியாது. ஆற்றல் உண்டு, வேலை செய்யும் திறமை இல்லை. இந்த வரையறை எந்த இடத்தில் முறிகிறதோ, அந்த இடத்தில்தான் வெப்ப இயக்கவியலே தொடங்குகிறது.

அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1966-ஆம் ஆண்டு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையொன்றில், முதல் வகுப்புக்கான அறிவியல் நூல் ஒன்றைக் குறைகூறினார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாயின் படத்தைப் போட்டு, இதை ஓடச் செய்வது எது என்று கேட்டு, ஆற்றல் என்று விடை சொல்லிக் கொடுத்தது அந்நூல். இது விடையன்று, பெயர் மட்டுமே என்பது அவர் வாதம். பொம்மையைப் பிரித்து, உள்ளிருக்கும் சுருள்வில்லையும் பற்சக்கரத்தையும் காட்டியிருந்தால் பிள்ளை ஏதேனும் கற்றிருப்பான். ஆற்றல் என்பதற்குப் பதிலாகக் கடவுள் ஓடச் செய்கிறார் என்று எழுதியிருந்தாலும் பாடத்தில் எந்த மாற்றமும் இராது என்ற கருத்தையும் அவர் கூறினார். இதைக் கேட்டு ஈமானுள்ள நாம் சினங்கொள்ளத் தேவையில்லை. வல்ல இறைவனின் திருநாமத்தை, நமக்குத் தெரியாததை மூடி மறைக்கும் திரையாகப் பயன்படுத்துவது பக்தியாகாது. அனைத்தையும் இயக்குபவன் அவனே என்று நம்புகிறவனுக்கு, சுருள்வில்லைப் பார்க்க வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இனி ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட முடியாது. ஆசிரியர் சுருக்கத்தான் வேண்டும். அப்படியானால் சுருக்கம் எங்கே முடிகிறது, பொய் எங்கே தொடங்குகிறது?

கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் பயணத்தை நாம் அறிவோம். நபிமொழிகளில் ஹிள்ர் என்று பெயர் பெறும் அந்த நல்லடியார், தாமாக விளக்கும்வரை எதையும் கேட்கலாகாது என்று நிபந்தனை விதித்தார். ஆசிரியர் மாணவனை வாய்மூடச் சொல்வதற்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. அவர்கள் வரலாற்றின் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர். பிரியும் வேளையில் அந்த நல்லடியார் மரக்கலத்தைப் பழுதாக்கியது ஏன், சிறுவனின் நிகழ்ச்சி ஏன், சுவரை நிமிர்த்தியது ஏன் என்று மூன்றுக்கும் விளக்கம் தந்துவிட்டே பிரிந்தார். ஒன்றையும் கடனாக வைத்துப் போகவில்லை. தள்ளிவைத்த உண்மை வேறு, மறுத்துவிட்ட உண்மை வேறு. "இதற்கு விடை உண்டு, இன்னும் சில ஆண்டுகளில் வரும்" என்று சொல்லும் ஆசிரியர் சுருக்குகிறார். "இதில் கேட்க ஒன்றுமில்லை" என்பவர் பொய் சொல்கிறார். பின்னாளில் மேலே கட்ட உதவும் அடித்தளமாக இருப்பது சுருக்கம். பின்னாளில் இடித்துத் தள்ள வேண்டியதாக இருந்தால், அதை எவ்வளவு எளிமையாகச் சொன்னாலும் அமானிதத்தைப் பேணியதாகாது.

நிற்க. பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

ஓர் அத்தர்க் குப்பியைத் திறந்து அறையின் மூலையில் வைத்துவிடுகிறோம். சில மணி நேரத்தில் வீடெல்லாம் மணக்கிறது. குப்பி காய்ந்துவிடுகிறது. அத்தரில் ஒரு துகள்கூட அழியவில்லை. அத்தனையும் இந்த வீட்டுக் காற்றிலேயே இருக்கிறது. ஆனால் அதை மீண்டும் குப்பிக்குள் வரவழைக்க யாராலும் இயலாது. தடுப்பது எது? துகள்களை வெளியே பிடித்து வைத்திருக்கும் விசை எதுவும் இல்லை. எண்ணிக்கைதான் தடுக்கிறது. ஒரு பெட்டியை இரு பாதிகளாகக் கருதி அதில் 10 துகள்களைத் திரியவிட்டால், பத்தும் ஒரே நேரத்தில் இடப்பாதியில் இருக்கும் வாய்ப்பு 1,024-இல் ஒன்று. 20 துகள்களாயின் 10,48,576-இல் ஒன்று. 100 துகள்களாயின் அந்த எண் 31 இலக்கங்களுக்கு நீண்டுவிடும். அத்தரின் ஒரு துளியில் இருப்பவையோ, 1-ஐ அடுத்து 20 சுழிகள் இட்டால் வரும் எண்ணையொத்த அளவு மூலக்கூறுகள். சிதறியிருப்பதற்கான வழிகள் எண்ணிலடங்கா. ஒன்றுகூடியிருப்பதற்கான வழிகளோ அவற்றின் முன் ஒன்றுமே இல்லை. இந்த வழிகளின் கணக்கைத்தான் ஆஸ்திரிய அறிஞர் போல்ட்ஸ்மன் ஒரு சூத்திரமாக்கினார். அச்சூத்திரம் வியன்னாவில் அவருடைய கல்லறையின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஜெர்மானியர் கிளாசியஸ் 1865-இல் இதற்கு என்ட்ரோபி என்று பெயரிட்டார். பல நூல்கள் இதை ஒழுங்கின்மை என்று பெயர்த்து, கலைந்து கிடக்கும் அறையை உவமை காட்டுகின்றன. உம்மா அறையை ஒழுங்குபடுத்தச் சொல்வதும் இயற்கையின் விதியும் ஒன்றென்று பிள்ளை எண்ணிக்கொள்கிறான். அறையைக் காட்டிலும் அத்தர்க் குப்பி நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து.

அத்தருக்கு நேர்ந்ததே வெப்பத்திற்கும் நேர்கிறது. ஒரு லிட்டர் கொதிநீரையும் 30 பாகை செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் குழாய்நீரையும் கலப்போம். 65 பாகையில் இரண்டு லிட்டர் நீர் கிடைக்கிறது. வெப்பத்தில் ஒன்றும் குறையவில்லை. சுற்றுப்புறமும் 30 பாகையில் இருப்பதாகக் கொண்டால், கலக்குமுன் அந்தக் கொதிநீரில் மிகையாக இருந்தது ஏறக்குறைய 294 கிலோஜூல். கலந்த பின் இரண்டு லிட்டரில் இருப்பதும் அதே 294 கிலோஜூல். (இது சிறு தொகையன்று. 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரை 500 மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் வேலைக்கு ஈடானது. 83 மீட்டர் உயரமுள்ள திருச்சி மலைக்கோட்டையில் ஆறு முறை ஏற்றுவதற்கு ஒப்பாகும். ஒரு கெண்டித் தேநீருக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது!) ஆனால் அந்த வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலையை வாங்க முடியும் என்று கணக்கிட்டால், கலக்குமுன் 29 கிலோஜூல், கலந்த பின் 16 கிலோஜூல்தான். பேரேட்டில் தொகை அப்படியே நிற்கிறது. கைக்கு வரக்கூடியதோ ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஐந்தொகையில் முதல் குறையவில்லை. ஆனால் அது ஊரெல்லாம் சில்லறைக் கடனாகச் சிதறி வராக்கடனாகிவிட்டது. அழியவில்லை; ஆனால் அதைக் கொண்டு நாளைக்கு ஒரு மூட்டைச் சரக்கு வாங்க முடியாது. நிலக்கரியின் ஆற்றல் எங்கே போயிற்று என்ற வினாவுக்கும் இதுவே விடை. அது கடலிலும் காற்றிலும் இலேசான வெதுவெதுப்பாகப் பரவிக் கிடக்கிறது.

வரலாற்றில் ஒரு விந்தை இருக்கிறது. பாடநூல்களில் ஆற்றல் அழியாது என்பது முதல் விதி, அது சிதறும் என்பது இரண்டாம் விதி. கண்டறியப்பட்ட வரிசையோ இதற்கு நேர்மாறானது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் தம் சிறு நூலை வெளியிட்டார். வெப்பம் ஒரு பாய்மப் பொருள் என்று அக்காலத்தவரைப் போலவே அவரும் கருதினார். அது பிற்பாடு பிழையென்று தள்ளப்பட்டது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி பிழைக்கவில்லை. அருவி விழும்போது சக்கரத்தைச் சுழற்றலாம், சுழற்றாமலும் விழவிடலாம். அதுபோல் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு வெப்பம் இறங்கும் இடத்திலெல்லாம் வேலை செய்விக்கும் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. வேலை எதுவும் செய்யாமல் வெப்பம் இறங்கிச் சமநிலை அடையுமாயின் அந்த வாய்ப்பு இழப்பு என்று அவர் கணித்தார். விரயம் என்பதற்கு இயற்பியல் தந்த முதல் இலக்கணம் இதுவே எனலாம். அவர் 1832-இல் காலராவில் மாண்டபோது வயது 36.

அழிவின்மை அதன் பின்னரே வந்தது. 1840-இல் டச்சுக் கப்பலொன்றில் மருத்துவராக ஜாவா சென்றார் ராபர்ட் மேயர் என்னும் ஜெர்மானியர். நம் மரக்காயர்களின் மரக்கலங்கள் சென்றுவந்த கடல்தான் அது. சுரபாயாவில் மாலுமிகளுக்கு இரத்தம் எடுத்தபோது, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிரை இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைவாக எரித்தால் போதும் என்று தொடங்கி, உணவு, உடல் வெப்பம், உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கின் வெவ்வேறு பத்திகள் என்ற முடிவுக்கு வந்து 1842-இல் எழுதினார். மான்செஸ்டரில் மதுவடிப்பவரின் மகனான ஜூல், நீரைத் துடுப்பால் கலக்கி, எத்தனை வேலைக்கு எத்தனை வெப்பம் என்பதை அளந்து காட்டினார். இருபதாண்டு முன்பே விரயத்தை அளந்துவிட்ட உலகம் அதன் பிறகுதான் அழிவின்மையை அறிந்தது. நம் பிள்ளைகள் மட்டும் அழிவின்மையை அறிந்து, விரயத்தை அறியாமல் பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவை எடுத்தவர்களுக்கே இரண்டாம் விதி கிட்டுகிறது. மற்றவர்கள் ஆயுள் முழுவதும் பாதி உண்மையோடு வாழ்கிறார்கள்.

இப்பொழுது ஆற்றங்கரைக்கு வருவோம். ஒளுச் செய்துகொண்டிருந்த ஸஅத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடந்து சென்றபோது, இது என்ன விரயம் என்று கண்டித்ததாகவும், ஒளுவிலும் விரயமுண்டோ என்று தோழர் வினவ, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உண்டு என்ற கருத்தில் விடையளித்ததாகவும் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடரை ஆய்வது ஆலிம்களின் பணி. சிந்தனைக்குரியது இதுதான்: ஓடும் ஆற்றில் எடுத்த நீர் ஆற்றுக்கே திரும்புகிறது. யாருக்கும் குறைவில்லை. நம் சுட்டிப் பிள்ளை கேட்டதும் ஸஅத் (ரலி) அவர்கள் வியந்ததும் ஒரே வினா. குறையாததில் விரயம் எப்படி?

ஆற்றுநீரின்மேல் என்ட்ரோபியை ஏற்றிக் காட்டி, இதோ விஞ்ஞானம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று கைதட்டல் வாங்குவது என் நோக்கமன்று. அத்தகைய பேச்சு இப்போது மிகுந்துவிட்டது. ஆற்றல் அழியாது, ஆகவே ரூஹும் அழியாது என்று மேடையில் முழங்குவோரை அனைவரும் கேட்டிருப்போம். ரூஹு ஜூலில் அளக்கப்படும் பண்டமா? ஆற்றல் அழியாதது போலத்தான் ரூஹும் என்றால், அது அத்தரைப் போல அறையெங்கும் சிதறித் திரும்பி வராமற்போகும் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்! முதல் விதியை மட்டும் படித்தவருக்கு நேரும் விபத்து இது. ரூஹைப் பற்றி மனிதருக்கு அளிக்கப்பட்ட அறிவு சொற்பமே என்று திருமறையே எல்லை கட்டியிருக்கும்போது, அந்த எல்லையைப் பௌதிகப் புத்தகத்தைக் கொண்டு தாண்ட முயல்வானேன்?

இரண்டு துறைகளும் சந்திக்கும் இடம் வேறு. விரயம் என்பதை, இருப்பு குறைந்ததா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பயனுக்கு உரிய வாய்ப்பு அப்பயனை அடையாமல் கழிந்ததா என்று பார்க்க வேண்டும். கார்னோ இதைப் பொறியில் கண்டார். ஆற்றங்கரையில் எழுந்த கண்டிப்பு இதை மனிதனின் கையில் கண்டது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பாலைவனப் பாறையின்மீது வெயில் விழுந்து சிதறுகிறது. அதுவும் வாய்ப்பிழப்பே, ஆனால் அதற்காக யாரும் குற்றவாளியல்லர். வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியவன் ஒருவன் இருந்தால்தான் இழப்பு பாவமாகிறது.

எந்த அளவுக்கு வேறு விதமாகச் செய்திருக்க முடியும் என்பதையும் இரண்டாம் விதியே சொல்லிவிடுகிறது. ஓர் அனல்மின் நிலையத்தில் நீராவி 540 பாகையிலும் குளிர்விக்கும் நீர் 40 பாகையிலும் இருந்தால், எத்தனை மேதை கட்டினாலும் வெப்பத்தில் 61 விழுக்காட்டுக்குமேல் வேலையாக மாறாது. எஞ்சிய 39 விழுக்காடு நம் கையில் இல்லை. பழைய வகை நிலையங்கள் தந்ததோ 35 விழுக்காட்டையொட்டியே. இந்த 61-க்கும் 35-க்கும் இடைப்பட்டதுதான் மனிதனின் பங்கு. அதிலும் ஒரு பகுதி உலோகத்தின் தாங்குதிறனாலும் பொருட்செலவாலும் நேர்வது. மீதி அசட்டையால் நேர்வது. வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. பிரியாணிச் சட்டியின் வாயை மாவால் அடைத்துத் தம் போடும் பண்டாரிக்குக் கார்னோவைத் தெரியாது. ஆனால் வெப்பத்தை வேலையின்றி வெளியேற விடலாகாது என்பது தெரியும்.

எல்லாவற்றிற்கும் தலையாய சான்று தலைக்குமேல் இருக்கிறது. சூரியனிடமிருந்து பூமி பெறும் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதையும் அது திருப்பி விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது. அவ்வாறு அனுப்பாவிடில் நாம் வெந்துபோவோம். அப்படியானால் சூரியன் நமக்குத் தருவது எதை? அடர்ந்த வடிவில் வரும் ஓர் ஒளித்துகளுக்குப் பதிலாக, ஏறக்குறைய 20 மெலிந்த வெப்பத் துகள்களாக நாம் திருப்பித் தருகிறோம். தொகை ஒன்றே. ஒன்று இருபதாகச் சிதறும் அந்த இடைவெளியில்தான் பயிர் விளைகிறது, மழை பொழிகிறது, இதை எழுதும் கை அசைகிறது.

இத்தனையையும் எந்த வகுப்பில் சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். விதிகளின் பாடநூல் வரிசையை விட்டு, கண்டறிந்த வரிசையில் தொடங்கினால் எளிது என்று தோன்றுகிறது. சூடு குளிரை நோக்கித்தான் செல்லும் என்பதைப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறான். அழிவின்மையைத்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. 29-ம் 16-ம் வந்த மடக்கைக் கணக்கு கல்லூரி வரை காத்திருக்கலாம். மூன்றாம் வகுப்புக்கு ஒரு குவளை வெந்நீரும் ஒரு குவளைத் தண்ணீரும் பிள்ளையின் விரலும் போதும். இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து மறுபடியும் தொடச் சொல்லிவிட்டு, "இப்போது அந்த வெந்நீரை மட்டும் எனக்குத் திருப்பித் தா" என்று கேட்க வேண்டும். கேட்டபின் அவசரப்படாமல், மணி அடிக்கும்வரை அவனை யோசிக்க விட வேண்டும்.